முழுக் கோதுமை பாஸ்தா: ரோலரில் கிழிகிறது, அச்சில் ஒட்டுகிறது. எங்கே தவறு?

தோசைக்கல்:

ஸ்டாண்ட் மிக்ஸரின் தலையில் மாட்டுகிற பாஸ்தா ரோலர், பிழிகிற அட்டாச்மெண்ட் இரண்டும் இருக்கின்றன. மைதாவில் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்கின்றன. முழுக் கோதுமைக்கு மாறினால்தான் தகராறு.

ரோலருக்குப் பிசைந்த மாவு: பாக்கெட் ஆட்டா 300 கிராம், முட்டை 3, உப்பு. ரோலரின் இடைவெளியைக் குறைத்து 3-ஆம் எண்ணுக்குப் போனதுமே ஓரமெல்லாம் பிசிறுபிசிறாகக் கிழிகிறது, நடுவில் சின்னச் சின்ன ஓட்டைகளும் விழுகின்றன.

பிழிவதற்குப் பிசைந்த மாவு: அளவு அதேதான், ஆனால் வறண்டு தெரிந்ததால் தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்தது. மக்கரோனி அச்சில் குழாய் அமுங்கிப்போகிறது, துண்டுகள் ஒட்டிக் கட்டியாகின்றன. உருண்டைகள் உள்ளே இறங்காமல் திருகுத்தண்டுக்கு மேலேயே நின்று சுற்றுகின்றன. மிக்ஸர் தலையும் சூடாகிறது.

தண்ணீர் எவ்வளவு இருக்க வேண்டும்? மாவைச் சலிக்க வேண்டுமா? முட்டை இல்லாமல் முடியுமா? பாதிக்குப் பாதி கம்பு மாவு போடலாமா?

அளவுக்கரண்டி:

இரண்டு மாவையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. ரோலருக்கு மாவு கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும், பிழிவதற்கு உதிரியாக இருக்க வேண்டும். நீங்கள் செய்தது நேர் எதிர்.

கணக்கு இப்படி. ஓடு நீக்கிய முட்டை நம் ஊரில் 45 முதல் 50 கிராம் வரும், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே 3 முட்டை என்பது சுமார் 110 கிராம் தண்ணீர். 300 கிராம் மாவுக்கு அது 37 சதவீதம். ஆட்டாவுக்கு ரோலரில் 46 முதல் 48 சதவீதம் தேவை. பிழிவதற்கு 37 முதல் 40 போதும்.

ரோலருக்கு: ஆட்டா 300 கிராம், முட்டை 3, தண்ணீர் 30 கிராம். முட்டை வேண்டாம் என்றால் தண்ணீர் 140 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

பிழிவதற்கு: ஆட்டா 300 கிராம், முட்டை 3, தண்ணீர் 5 கிராம். முட்டை இல்லாமல் தண்ணீர் 115 கிராம். எண்ணெய் வேண்டாம், மாவு திருகுத்தண்டில் பிடிப்பில்லாமல் வழுக்கும்.

தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். முட்டையை உடைத்துக் கிண்ணத்திலேயே எடை பார்த்துவிடுங்கள். கப் அளவில் ஆட்டாவை அழுத்தி எடுப்பதற்கும் தளர எடுப்பதற்கும் உள்ள வித்தியாசமே மாவைக் கெடுக்கப் போதும். பிராண்டுக்குப் பிராண்டு 10 கிராம் தண்ணீர் கூடலாம், குறையலாம். கடைசி 10 கிராமைக் கையில் வைத்துக்கொண்டு தேவை பார்த்துச் சேருங்கள்.

அடுத்தது ஊறும் நேரம். தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசைந்த உடனே தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கிற மாவு முக்கால் மணி நேரத்தில் இறுகிவிடும். அவசரப்பட்டு மேலே மாவு தூவித் தூவிச் சரிசெய்தால் பிறகு வறண்டு கிழியும். ஆட்டாவுக்குக் குறைந்தது 45 நிமிடம், முடிந்தால் 1 மணி நேரம் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். முட்டை சேர்த்ததை வெயில் காலத்தில் ஃபிரிட்ஜில் வைத்து, தேய்ப்பதற்கு 20 நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். ராத்திரி முழுக்க வைத்தால் மாவு சாம்பல் நிறத்துக்குப் போகும். தவிட்டில் உள்ள நொதிகள் செய்கிற வேலை அது, ஒரே ராத்திரி என்றால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்ட வேண்டாம். ஆனால் பார்க்க நன்றாக இருக்காது.

பிசைவது: தட்டை பீட்டரில் அரை நிமிடம், உதிரியானதும் ஹூக் மாற்றி 2-ஆம் வேகத்தில் 3 அல்லது 4 நிமிடம். அதற்கு மேல் வேகம் வைக்காதீர்கள். தலை சாய்கிற மாடல்களில் ஒரே தடவையில் 300 கிராமுக்கு மேல் கெட்டி மாவு போட்டால் தலை குதிக்கும், மோட்டார் சூடாகும். கடைசி இரண்டு நிமிடம் கையால் பிசைந்து முடிப்பது மிக்ஸருக்கு நல்லது.

ரோலரில் தேய்ப்பது: மாவை நான்காக வெட்டி, ஒன்றை மட்டும் வெளியே வைத்து மற்றதை மூடிவிடுங்கள். கையால் 1 செ.மீ. கனத்துக்குத் தட்டி 1-ஆம் எண்ணில் விடுங்கள். முதல் தடவை கந்தலாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். மூன்றாக மடித்து, மடிப்பு இல்லாத பக்கத்தை உள்ளே கொடுத்து மறுபடி விடுங்கள். இப்படி 5 அல்லது 6 முறை. இங்கேதான் குளூட்டன் (மாவுக்கு இழுவை கொடுக்கும் கோதுமைப் புரதம்) ஒழுங்காகிறது. பலர் இதை இரண்டு முறையோடு முடித்துவிட்டு 3-ஆம் எண்ணில் வந்து கிழிகிறது என்கிறார்கள். அதன்பின் 2, 3, 4 என்று ஒவ்வொரு எண்ணிலும் ஒருமுறை, எண்ணைத் தாண்டிக் குதிக்காமல்.

1 முதல் 8 வரை எண் உள்ள ரோலரில் மைதா 6, 7 வரை போகும். முழுக் கோதுமையை 4-இல் நிறுத்துங்கள். சலித்த மாவாக இருந்தால் 5. அதைவிட மெல்லிசாக்கினால் தவிட்டுத் துண்டின் அளவும் ஷீட்டின் கனமும் நெருங்கிவிடும், ஓட்டை விழாமல் என்ன செய்யும்?

ஓரம் பிசிறினால் மாவு வறட்சி: கையை நனைத்து மாவின் மேல் தடவி, மடித்து, 20 நிமிடம் மூடிவைத்தால் மீளும். ஷீட் சுருங்கிச் சுருண்டு ரோலருக்கு மேல் குவிந்தால் ஈரம் அதிகம். நடுவில் ஓட்டை என்றால் அது தவிட்டின் வேலை.

சல்லடை:

தவிட்டைப் பற்றி நான் சொல்கிறேன். சலித்துத் தூக்கிப் போடச் சொல்பவர்கள் நிறைய. அப்படியென்றால் முழுத் தானியம் என்று பெயர் எதற்கு, மைதாவிலேயே செய்துவிட்டுப் போகலாம்.

மெல்லிய சல்லடையில் சலித்துக் கப்பியைத் தனியே எடுங்கள். 300 கிராம் ஆட்டாவில் அது 30, 40 கிராம் நிற்கலாம், அரைத்த விதத்தைப் பொறுத்தது. அதை அடுப்பில் வெறும் கடாயில் சிறு தீயில் மூன்று, நான்கு நிமிடம் வறுங்கள். பச்சைத் தவிடு வளைந்து கொடுக்கும், மிக்ஸியில் எவ்வளவு ஓட்டினாலும் தகடாகவே நிற்கும். வறுத்தால் மொறுமொறுவென்று ஆகி நன்றாகப் பொடியும். ஆறியதும் மிக்ஸியில் பொடித்து, முட்டை இல்லாத அளவின் மொத்தத் தண்ணீரிலிருந்து 60 கிராமை எடுத்துக் கொதிக்கவைத்து அதில் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, அப்புறம் மாவோடு சேருங்கள். ஊறிய தவிடு மென்மையாகிவிடுவதால் குளூட்டன் இழைகளை அறுப்பது குறையும். அந்த 60 கிராமைக் கணக்கில் கழிக்க மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பாக்கெட் ஆட்டா சப்பாத்திக்காகச் சக்கியில் அரைத்தது. கல்லுக்கு இடையில் நசுங்கி அதன் ஸ்டார்ச் நிறையச் சிதைந்திருக்கும். சிதைந்த ஸ்டார்ச் சாதாரண ஸ்டார்ச்சைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும், சப்பாத்தி மிருதுவாவதற்கு அதுவும் ஒரு காரணம். பாஸ்தாவில் அதே குணம் கெடுதல்: கொதிக்கும்போது மேல்பரப்பு கரைந்து கூழாகி ஒட்டும். மூன்றில் ஒரு பங்கு பன்சி ரவை சேர்த்தால் இது கணிசமாகக் குறையும். பன்சி ரவை டியூரம் கோதுமையிலிருந்து வருவது, இத்தாலியில் உலர் பாஸ்தாவுக்குப் பயன்படுத்துகிற அதே இனம். ரவையை அப்படியே போடாமல் மிக்ஸியில் ஒரு நிமிடம் பொடித்துப் போடுங்கள். இல்லையென்றால் ஊறாத ரவை பாஸ்தாவில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், பல்லில் மணலாக நெருடும். ரவையில் தவிடு கிடையாது என்பதால் முழுத் தானியக் கணக்கு கொஞ்சம் குறையும், அது உங்கள் விருப்பம்.

மில்லில் அரைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நமக்கு முன்னால் எதை அரைத்தார்கள் என்று கேளுங்கள், ராகியோ கடலைப்பருப்போ ஒரு கைப்பிடி கலந்தாலே பதம் மாறும். மாவு சூடாக வரும், பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே பிசையுங்கள். மிக்ஸரிலேயே மாட்டுகிற தானிய அரைப்பானில் அரைத்தால் மாவு மில்லைவிடக் கரகரப்பாக வரும். பெரிய இடைவெளியில் ஒருமுறை, நெருக்கமாக வைத்து இன்னொரு முறை அரைத்துச் சலியுங்கள். எள், கடலை மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள எதையும் அதில் போடக்கூடாது, பற்களில் அப்பிக்கொள்ளும்.

திருகுத்தண்டு:

பிழிவது பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே.

பிழிகிற மாவு உருண்டையாகத் திரண்டு வரவே கூடாது. கிண்ணத்தில் பார்த்தால் கடுகிலிருந்து பட்டாணி வரை கலந்த உதிரியாக இருக்க வேண்டும். கைப்பிடி எடுத்து அழுத்தினால் பிடிக்க வேண்டும், விரலால் நெருடினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பார்த்தால் 'இது எங்கே ஒட்டப்போகிறது' என்று தோன்றும், உள்ளே திருகுத்தண்டு கொடுக்கிற அழுத்தத்தில் தானாக ஒட்டும். இந்த நேரத்தில் பயந்து தண்ணீர் தெளிப்பதுதான் எல்லோரும் செய்கிற காரியம்.

அரை மணி நேரம் மூடி ஊறவிட்டு, சேர்த்து அழுத்தி நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக்கிப் போடுங்கள். ஒன்று இறங்கியபின் அடுத்தது. வாய் நிரம்ப அடைத்தால் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலே பாலம் கட்டிவிடும், கீழே தண்டு சும்மா சுற்றும். நீங்கள் சொல்கிற 'மேலேயே நின்று சுற்றுகிறது' இதுதான், மாவு ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். கூடவே வந்த குச்சியால் தள்ளுங்கள், விரல் வேண்டாம்.

குழாய் வடிவம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் கோளாறு புரியும். அச்சின் நடுவில் இருக்கிற ஆணியைத் தாங்கும் கால்களைச் சுற்றி மாவு பிரிந்து போய், வெளியே வருவதற்கு முன் மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். மாவு வறண்டால் அந்த ஒட்டு சேராது, மக்கரோனி நீளவாக்கில் பிளக்கும். ஈரமானால் ஒட்டும், ஆனால் குழாய் அதன் எடையிலேயே அமுங்கும். முழுக் கோதுமையில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகல். எனவே முதலில் ரிகட்டோனி (அகலமான குழாய் வடிவம்) அல்லது பெரிய மக்கரோனி அச்சில் கை பழகுங்கள். நடுவில் துளையுள்ள தடித்த ஸ்பகெட்டியான புக்கட்டினியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பகெட்டி அச்சில் சலிக்காத மாவு போட்டால் துளையில் தவிடு அடைத்து சில இழைகள் வேகமாகவும் சில மெதுவாகவும் வந்து சுருளும்.

வேகம் அச்சுக்கு அச்சு மாறும். கிச்சன்எய்ட் மிக்ஸரின் பிழிவான் கையேட்டில் ஸ்பகெட்டிக்கும் புக்கட்டினிக்கும் 10, ரிகட்டோனிக்கும் மக்கரோனிக்கும் 6, ஃபுஸில்லிக்கு 2 முதல் 4. ஃபுஸில்லியை வேகமாக ஓட்டினால் முறுக்கு விழாமல் நேராக வரும்.

அச்சை வெந்நீரில் போட்டெடுத்துத் துடைத்து மாட்டினால் தொடக்கத்தில் வரும் சொரசொரப்பு குறையும். எப்படியும் முதல் 5 செ.மீ. சரியாக வராது, பிய்த்து மறுபடி உள்ளே போட்டுவிடுங்கள். நீளத்தை வெட்டியதும் ரவை தூவிய தட்டில் பரப்புங்கள், குவிக்க வேண்டாம்.

சூடு: தொழிற்சாலைகளில் மாவு செல்லும் குழலைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டு மாவை 50 டிகிரிக்குக் கீழே வைப்பார்கள். அதற்கு மேல் போனால் குளூட்டன் வெந்து பாஸ்தா கொதிக்கும்போது விட்டுப்போகும். நம் மிக்ஸரில் அந்த வசதி இல்லை. 300 கிராம் பிழிந்ததும் வெளிக்கூட்டைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டினால் அணைத்து ஆறவிடுங்கள்.

இத்தாலியில் வெனிஸைச் சுற்றியுள்ள வெனேத்தோ பகுதியில் பீகோலி என்று ஒரு பாஸ்தா உண்டு. முழுக் கோதுமை மாவில், கையால் திருகுகிற பிழிவானில் தடித்த ஸ்பகெட்டியாகப் பிழிவது. வெங்காயத்தையும் நெத்திலியையும் வதக்கிக் கரைத்த சாஸோடு சாப்பிடுவார்கள். தவிட்டு மாவுக்குத் தடித்த வடிவமும் அழுத்தமான ருசியுள்ள சாஸும்தான் பொருந்தும் என்பது அங்கே பழைய சமாச்சாரம். முழுக் கோதுமையில் வெள்ளை சாஸ் ஊற்றிவிட்டு ருசி இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. பூண்டு, தக்காளி, மிளகாய், கீரை பக்கம் போங்கள்.

தோசைக்கல்:

நன்றி. சதவீதக் கணக்கு தெளிவாகப் புரிந்தது. இரண்டு சந்தேகம் பாக்கி. கம்பு மாவு எவ்வளவு வரை போகலாம்? முட்டை இல்லாமல் பிழிந்ததைச் சென்னை ஈரக்காற்றில் காயவைத்து எடுத்துவைக்க முடியுமா?

கம்மங்கூழ்:

பாதிக்குப் பாதி ரோலரில் வராதுங்க. கம்பு, ராகி, சோளம் எதிலயும் குளூட்டன் கிடையாது. மொத்த மாவுல மூணுல ஒரு பங்கு கம்பு, மீதி ஆட்டா. அதுதான் ரோலர் தாங்குற எல்லை. அதுக்கும் ஒரு வழி இருக்கு: இடியாப்ப மாவுக்குக் கொதிக்கிற தண்ணி ஊத்துற மாதிரி, கம்பு மாவை மட்டும் முதல்ல வேகவைச்சுக்கணும்.

கம்பு மாவு 100 கிராம், அதுல தளதளன்னு கொதிக்கிற தண்ணி 110 கிராம் ஊத்திக் கரண்டியால கிளறி மூடி வைங்க. ஸ்டார்ச் வெந்து பசையாயிடும், அந்தப் பசைதான் குளூட்டன் இல்லாத குறையை ஓரளவு ஈடு கட்டுது. கை பொறுக்குற சூட்டுக்கு ஆறினதும் ஆட்டா 200 கிராமும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசையுங்க. முட்டை வேண்டாம்னா தண்ணி 35 கிராம். ஒரு மேசைக்கரண்டி குளூட்டன் பொடி சேர்த்தா நல்லா நீளும், அப்போ தண்ணி இன்னொரு 10 கிராம் கூட்டணும். ஒரு மணி நேரம் ஊறட்டும். சூடா இருக்கும்போதே முட்டையைப் போட்டுடாதீங்க, திரிஞ்சிடும்.

ரோலர்ல 3-ஆம் எண்ணோட நிறுத்திடுங்க. கட்டர்ல விடாம, கத்தியால அரை செ.மீ. அகலத்துல குட்டையா வெட்டினா கொதிக்கும்போது முறியாது. இத்தாலியோட வால்தெல்லினா பள்ளத்தாக்குல பிட்ஸோக்கேரின்னு ஒரு பாஸ்தாவை பக்வீட் (குளூட்டன் இல்லாத ஒரு தானியம்) மாவுல பண்ணுவாங்க. அங்க வழக்கமான கணக்கு பக்வீட் 400 கிராமுக்குக் கோதுமை மாவு 100 கிராம்தான். ஆனா 2, 3 மில்லிமீட்டர் கனத்துல கையால தேய்ச்சு, 7 செ.மீ. நீளத்துல குட்டையா வெட்டிடுவாங்க. உங்களுக்குப் பாதிக்கு மேல சிறுதானியம் வேணும்னா அதே வழிதான்: ரோலரை மறந்துட்டுக் குழவியை எடுங்க.

கம்பு மாவு அரைச்சு சில நாள்லயே கசக்கும், அதுல எண்ணெய்ச் சத்து அதிகம். அன்னன்னிக்கு அரைச்சதா இருக்கணும், இல்லைன்னா ஃப்ரீசர்ல வைங்க. பல கடைகள்ல சம்பா கோதுமைன்னு விக்கிறது எம்மர்ங்கிற பழைய கோதுமை இனம். ருசி அருமை, ஆனா குளூட்டன் பலவீனம். அதையும் தனியாப் போடாம ஆட்டாவோட சரிபாதி கலந்துக்குங்க.

அளவுக்கரண்டி:

காயவைப்பதற்கு நான் பதில் சொல்கிறேன். முட்டை சேர்த்ததை வெளியே காயவைத்துச் சேமிக்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒரு நாள், அல்லது தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மாதம். உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போடலாம்.

முட்டை இல்லாததைக் காயவைக்கலாம், ஆனால் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். வெளிப்புறம் சட்டென்று இறுகி ஓடாகிவிடும், உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் மறுநாள் குறுக்கே வெடிக்கும். கொதிக்கவைத்தால் துண்டு துண்டாகப் பிரியும். முதல் 2 மணி நேரம் மேலே மெல்லிய துணி போட்டு அறைக்குள் வையுங்கள், பிறகு துணியை எடுத்துவிட்டு ஏசி அறையிலோ சுற்றுக்காற்றிலோ. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஏசி இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம், பூஞ்சை முந்திக்கொள்ளும்.

காய்ந்ததா என்று ஒடித்துப் பார்த்து முடிவு செய்வதைவிடத் தராசு நம்பகமானது. மாவிலேயே ஏற்கெனவே ஏறக்குறைய 12 சதவீத ஈரம் இருக்கும். கடை பாஸ்தாவுக்கு இத்தாலியச் சட்டம் அனுமதிக்கும் உச்சமும் 12.5 சதவீதம்தான். ஆக நாம் சேர்த்த தண்ணீர் முழுக்க வெளியேறினால் போதும். 38 சதவீதத் தண்ணீரில் பிழிந்த 100 கிராம் பச்சை பாஸ்தா 72 கிராமுக்கு இறங்க வேண்டும். 80-இல் நின்றால் டப்பாவில் அடைக்காதீர்கள், அன்றே சமைத்துவிடுங்கள்.

கொதிக்கவைக்க 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ரோலரில் 4-ஆம் எண்ணில் தேய்த்து வெட்டியது 2 முதல் 3 நிமிடம், புதிதாகப் பிழிந்த மக்கரோனி 4 முதல் 6 நிமிடம். மூன்றாவது நிமிடத்திலிருந்தே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள்.

திருகுத்தண்டு:

சுத்தம் செய்வதையும் சொல்லிவிடுகிறேன், அட்டாச்மெண்ட்டைப் பலர் பாழாக்குவது அங்கேதான். ரோலரையும் கட்டரையும் தண்ணீரில் முக்கவே கூடாது, குழாயில் காட்டவும் கூடாது. உள்ளே பல்சக்கரம் இருக்கிறது, துரு பிடித்தால் அவ்வளவுதான். ஒரு மணி நேரம் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள், இடுக்கில் மீந்ததை மரக்குச்சியால் எடுங்கள். கத்தி, ஊசி வேண்டாம், உருளையில் கீறல் விழுந்தால் அடுத்த ஷீட் எல்லாவற்றிலும் அந்தக் கோடு வரும்.

பிழிகிற அச்சு வேறு கதை. அதையும் ஈரத்தோடு கழுவப் போகாதீர்கள், கோதுமை மாவு தண்ணீர் பட்டதும் பசையாகித் துளைகளில் இன்னும் ஆழமாகப் போகும். கழற்றி ராத்திரி முழுக்கக் காயவிட்டால் காலையில் குச்சியால் குத்தினாலே துண்டு துண்டாக விழும். அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். வேறு அச்சுக்கு அன்றைக்கே மாற வேண்டுமென்றால், வளையத்தைத் தளர்த்துவதற்கு முன் மிக்ஸரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திருகுத்தண்டில் சுற்றியிருக்கிற மாவைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், அது ஏற்கெனவே சூடாகி இறுகியிருக்கும், புது மாவில் கலந்தால் கட்டி கட்டியாக வரும்.